சிறைவாசலுக்கு அப்பால்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கல்வராயன் மலையில் சாராய வேட்டை நடந்தது. குற்றவாளிகள் சிறை செல்லட்டும்; மறுப்பாரில்லை. ஆனால், சிறை சென்றவன் ஒருநாள் ஊர் திரும்புவானே! உள்ளே இருக்கும்வரை அவன் மருத்துவம் அரசின் பொறுப்பு. வாசலைத் தாண்டினால்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2022-ல் நீட்டிக்கப்பட்ட அத்திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை துணை நிற்கிறது. அதற்குக் குடும்ப அட்டை வேண்டும். வருமானச் சான்று வேண்டும். சிறுநீரகம் கெட்டவன் மலையேறிவிட்டு, இந்தத் தாள்களுக்காக மீண்டும் இறங்கி அலைவதா? நோய் காத்திருக்குமா?

விடுதலை நாள் தெரிந்ததுமே சிறைத்துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து பதிவை முடிக்கட்டும். நீதிமன்றம் விதித்தது சிறைவாசம், நோய்க்கு இரையாவதையல்ல!