யானை மலிவு, தீனி?

பணக்காரர் ஓட்டிய சொகுசுக் கார் சாதாரணப் புதுக் காரின் விலைக்குக் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் வயதாவது வண்டிக்குத்தான்; உதிரிப் பாகங்களின் விலைக்கல்ல!

சென்னை அருகே 2007இல் உற்பத்தி தொடங்கிய பி.எம்.டபிள்யூ. கார்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வயதான வண்டியில் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பாகங்கள் வெப்பத்தில் இற்றுப்போகும். பல மாடல்களில் தண்ணீர்ப் பம்பும் மின்சாரத்தில் ஓடுவதால், சொல்லாமல் நின்றுவிடும். மதுரை வெயிலில், விருதுநகர் சாலையில் சூடேறிய வண்டியை நிறுத்தாமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அப்புறம் செலவு ஆயிரங்களில் அல்ல, லட்சங்களில்தான். போதாக்குறைக்கு, 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று.

ஆகவே, வாங்குமுன் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கையிலுள்ளதை எல்லாம் விலையாகக் கொடுத்துவிடாமல், பழுதுக்கென ஒரு பங்கை ஒதுக்குங்கள். யானை மலிவாக வரலாம். தீனி மலிவாக வராது.