பயோவா, மற்ஸா: முடிவு பிள்ளையின் கையில் இருக்கட்டும்

சாதாரணதரப் பெறுபேறு வெளிவந்ததும் சுருவில், சரவணை, நாரந்தனை, வேலணை என்று தீவகத்து ஊர்களெங்கும் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: பிள்ளை பயோவா, மற்ஸா? பதினாறு வயதில் சொல்லும் பதில் ஆயுளுக்கும் கூட வரும். உயிரியல் எடுத்தவருக்குப் பொறியியல் பீடத்தில் இடமில்லை. இணைந்த கணிதம் எடுத்தவருக்கு மருத்துவ பீடத்தில் இடமில்லை. இத்தனை பெரிய முடிவைத் தீவகத்தில் பல வேளைகளில் பிள்ளை எடுப்பதில்லை. பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் நிலைத்து நிற்கிறார் என்பதும், ‘டொக்டர்’ என்ற சொல்லுக்கு வீட்டில் உள்ள மதிப்புமே அதை எடுத்துவிடுகின்றன. இது மாற வேண்டும்.

மருத்துவத்தின் மீது யாழ்ப்பாணத்துக்குள்ள பற்று நேற்று வந்ததல்ல. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1848 இல் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் போவதைக் கண்டு, பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென்று பாடநூல்களைத் தமிழாக்கினார். தமிழில் படித்த வைத்தியர் தம் ஊரிலேயே நின்று சனத்தைப் பார்ப்பார் என்பது அவருடைய எண்ணம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் மருத்துவர்கள் கூட்டமாக நாட்டைவிட்டுப் போனதைப் பார்த்த நமக்கு, கிறீனின் கவலை இன்னும் தீரவில்லை என்பது தெரியும்.

மருத்துவத்தின் மீதான இந்தப் பற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு; அதை நாம் அதிகம் பேசுவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கியது. அதன் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் முதல் அணி மாணவரைச் சேர்த்தது 2014 இல். இடையில் 36 ஆண்டுகள். அவற்றில் பெரும்பகுதி யுத்த காலம். அக்காலத்தில் பொறியியல் படிக்க வேண்டுமென்றால் பேராதனை, மொறட்டுவை போன்ற வெளியிடங்களுக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டியிருந்தது. சோதனைச்சாவடிகளையும் கைதுகளையும் தாண்டிப் பிள்ளையை, அதுவும் பெண்பிள்ளையை, தெற்குக்கு அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? மருத்துவமோ வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த அச்சத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால், அச்சம் போன பின்னும் அன்றைய வரிசை அப்படியே நிற்கிறது: முதலில் மருத்துவம், மற்றதெல்லாம் பிறகு.

இந்த வரிசை பிள்ளைகளின் ஆண்டுகளைத் தின்கிறது. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம் என்ற விதியை, மூன்று முறையும் தோற்றியே ஆகவேண்டும் என்பதுபோல் சில குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டாம் முறை எழுதுவதில் தவறில்லை. தாதியியலுக்கோ மருந்தகவியலுக்கோ மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்துக்கோ பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதுமாயிருக்கும் பிள்ளையை, ‘டொக்டருக்கு வரட்டும்’ என்று மூன்றாம் முறையும் ரியூசனுக்கு அனுப்புவது தவறு. இந்த மூன்று பட்டப்படிப்புகளும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே உள்ளன. வைத்தியசாலை இயங்குவது மருத்துவரால் மட்டுமா? நெடுந்தீவில் இரவில் நெஞ்சுவலி வந்தவரைப் படகில் குறிகட்டுவானுக்கு ஏற்றிவந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வரை அவரைக் காப்பது பயிற்சி பெற்ற தாதியின் கைதான். அந்தப் படிப்பை ‘மருத்துவம் கிடைக்காதவர் போகும் இடம்’ என்று பேசுவது அந்தக் கைகளுக்குச் செய்யும் அவமதிப்பு.

பெற்றாரின் கணக்கும் நமக்கு விளங்காமலில்லை. மருத்துவம் ஐந்து ஆண்டு, பிறகு ஓராண்டு உள்ளகப் பயிற்சி, அதன்பின் அரச நியமனம். பொறியியல் நான்கே ஆண்டு; ஆனால், வேலையைப் பெரும்பாலும் தானே தேட வேண்டும், அதுவும் அநேகமாகக் கொழும்புப் பக்கம். கடலில் இறங்கியும் கூலிக்குப் போயும் பிள்ளையைப் படிப்பிக்கும் குடும்பம் உறுதியான சம்பளத்தை விரும்புவது இயல்பு. அதற்காக, கணக்கில் மூழ்கிச் சாப்பாட்டையும் மறக்கும் பிள்ளையை உயிரியலுக்குள் தள்ளினால் அந்த உறுதியும் கிடைக்காது. மனம் ஒட்டாத பாடத்தில் இசட் புள்ளி ஏறுவது கடினம்.

தீவகத்துக்குப் பொறியியலாளரும் விஞ்ஞானியும் எதற்கு என்று கேட்பவர்கள் தங்கள் கிணற்றைப் பார்க்கட்டும். வரட்சியில் உவர் ஏறிய நீரை விட்டுவிட்டுத் தண்ணீர் பவுசருக்குக் காத்திருப்பது இங்கு வருடாந்த வழக்கம். 2024 ஓகஸ்டில் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் இந்திய உதவியுடன் 1,700 கிலோவாற்று சூரிய மின்சாரம், 530 கிலோவாற்று காற்று மின்சாரம், மின்கலச் சேமிப்பு ஆகியவற்றை இணைத்த திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. இவற்றையெல்லாம் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் கடலறிந்த, ஊரறிந்த ஆட்கள் வேண்டும். சுருவிலில் பிறந்த பிள்ளை ஏன் அந்த இடத்தில் இருக்கக்கூடாது? சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்களுக்கு முதலில் தேவைப்பட்டது நீரைச் சோதித்து உண்மையைச் சொல்லக்கூடிய இரசாயனவியலாளர் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி அரசுக்கு. விஞ்ஞானத் துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகிறது. தீவகம் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் அடங்குகிறது. ஆகவே, பண்ணைப் பாலம் கடந்து ரியூசனுக்குப் போய், கடைசி பஸ்ஸுக்காகப் பாதி வகுப்பில் எழுந்து வரும் சுருவில் மாணவி, நகரத்துப் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகளோடு அதே இடங்களுக்குப் போட்டியிடுகிறாள். 1990 இடப்பெயர்வில் வெறிச்சோடிய ஊர்கள் இவை. திரும்பி வந்தவர்கள் கொஞ்சப்பேர். மாணவர் தொகை குறைவு என்று சொல்லி ஆசிரியரையும் குறைத்தால், எஞ்சியிருக்கும் குடும்பங்களும் பிள்ளையின் படிப்புக்காக நகரத்துக்கே குடிபெயரும். அப்போது மாணவர் தொகை இன்னும் குறையும்.

தீவகத்துக்கெனத் தனி ஒதுக்கீடு கேட்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நாம் அதை முதலில் கேட்கவில்லை. ஆசிரியரே இல்லாத இடத்தில் ஒதுக்கீடு கிடைத்து என்ன பயன்? நாம் கேட்பது, தீவகக் கல்வி வலயத்தில் குறைந்தது ஒரு பாடசாலையிலாவது உயிரியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் நிரந்தர ஆசிரியர்களும், வேலை செய்யும் ஆய்வுகூடமும், பின்னேர வகுப்பு முடிந்து வீடு திரும்ப பஸ்ஸும். இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடும் ஆசிரியருக்குப் பதிலாள் வரும் வரை விடுவிப்பு வழங்கக்கூடாது.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் ஊரவர்கள் கோயிலுக்கும் மண்டபத்துக்கும் மனமுவந்து தருகிறார்கள். அதே மனத்தோடு, அரச நியமனம் வரும் வரை ஒரு கணித ஆசிரியருக்கான வேதனத்தையும் அவர் தங்க ஒரு வீட்டையும் தரலாம். அங்கே பொறியியலாளராகவும் தாதியாகவும் இருப்பவர்கள் தங்கள் வேலை எப்படிப்பட்டது என்று இங்குள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நேரிலோ இணையவழியிலோ சொல்லலாம். தெரியாத தொழிலை எந்தப் பிள்ளையும் விரும்பித் தெரிவுசெய்வதில்லை.

அடுத்த சாதாரணதரப் பெறுபேறு வருவதற்கு முன்னர், இரு பிரிவுகளையும் முழு ஆசிரியர் தொகையோடு நடத்தப்போகும் தீவகப் பாடசாலை எது என்பதை வலயக் கல்வி அலுவலகமும் மாகாணக் கல்வி அமைச்சும் பெற்றாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.