பட்டத்துக்கு ஒரு வாக்கா?

நிலமே இல்லாத தொகுதி ஒன்று ஸ்காட்லாந்தில் இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்டீன், எடின்பரோ ஆகிய நான்கு பல்கலைக் கழகங்களின் பட்டதாரிகளே அதன் வாக்காளர்கள். 1868இல் இரு தொகுதிகளாய்த் தோன்றி, 1918இல் மூன்று உறுப்பினர் கொண்ட ஒரே தொகுதியாயிற்று. பட்டதாரி தம் ஊரில் ஒரு வாக்கும், அஞ்சல் வழியே இங்கு இன்னொரு வாக்கும் அளிக்கலாம்.

1935 பொதுத் தேர்தலில் தம் தொகுதியில் தோற்ற ராம்சே மாக்டொனால்டு, 1936 இடைத்தேர்தலில் இவ்வழியே பாராளுமன்றம் புகுந்தார். ஊர் மக்கள் அடைத்த கதவைப் பட்டதாரிகள் திறந்துவிட்டனர்!

இம்முறையால் நன்மையே இல்லையா? உண்டு. உணவியல் அறிஞர் ஜான் பாய்டு ஆர் 1945இல் இங்கிருந்துதான் தேர்வானார். அறிவியல் மாணவனாகிய நான் அவரைப் போற்றுகிறேன். ஆயினும், ஏழையின் உணவில் போதிய சத்தில்லை என்று 1936இல் எடுத்துக்காட்டிய அவருக்கு வாக்களிக்க, அந்த ஏழைக்கே உரிமையில்லையே! 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது. 1950இல் தொகுதி மறைந்தது. நன்றே செய்தனர்.

நம் நாட்டில், மேலவை உள்ள மாநிலங்களில், பட்டதாரித் தொகுதிகள் இன்றும் உள்ளன. நாம் பயிலும் இம்மாநிலத்திலும் உண்டு. அடுத்த ஆண்டு என் பெயரும் அப்பட்டியலில் ஏறலாம். பள்ளி வாயிலையே மிதியாத என் அன்னை, பிழைக்க வந்த இவ்வூரில் இட்டிலி விற்று என்னைப் படிக்க வைத்தார். அவருக்கு ஒரு வாக்கு, எனக்கு இரண்டா? நான் பெயர் பதியப் போவதில்லை. நீங்கள்?