கண்ணீரோடும் நன்றி சொல்லலாம்

துக்க வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "அழாதேம்மா, எல்லாத்துக்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லு." நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால், கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது இன்னொரு பாரம். அழுதால் விசுவாசம் குறைவு என்று நினைப்பார்களோ என்று கண்ணீரை விழுங்கிக்கொள்கிறார்.

நன்றி சொல்வது என்றால் வலியை மறைப்பதுதானா? ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு போதகரின் வாழ்க்கை இதற்குப் பதில் சொல்கிறது.

மதிலுக்குள் ஒரு மரண ஆண்டு

மார்ட்டின் ரிங்கார்ட் 1586-ல் சாக்சனியில் உள்ள ஐலன்பர்க் நகரத்தில் பிறந்தவர். 1617-ல் சொந்த ஊருக்கே இறைப்பணிக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு முப்பதாண்டுப் போர் தொடங்கியது. ஐலன்பர்க்கைச் சுற்றி மதில் இருந்ததால், அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள் அடைக்கலம் தேடி உள்ளே வந்து குவிந்தார்கள். நெரிசல் வந்தது, பசி வந்தது, கொள்ளைநோயும் வந்தது.

1637-ல் நோய் உச்சத்தைத் தொட்டது. ஊரில் இருந்த மற்ற போதகர்கள் இறந்தும் விலகியும் போக, ரிங்கார்ட் மட்டுமே மிஞ்சினார். சில நாட்களில் நாற்பது, ஐம்பது பேருக்கு அவரே அடக்க ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். அவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர்.

நோய்க்குப் பின் பஞ்சம் வந்தது. தன் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை ஊருக்குக் கொடுத்தார். பிறகு அந்தப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் துணிக்குமே வருங்கால வருமானத்தை அடகு வைக்க நேர்ந்தது.

இன்றும் உலகெங்கும் தேவாலயங்களில் பாடப்படும் ஒரு நன்றிப் பாடல் இவர் எழுதியதுதான். பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் சொல்வதற்கான ஜெபமாக அதை எழுதினார் என்பார்கள்.

முன்பே பழகிய நாக்கு

கொள்ளைநோய்க்கு நடுவே எழுதிய பாட்டு என்று இதைச் சொல்வதுண்டு. ஆனால் 1636 வாக்கிலேயே, அதாவது பெரிய சாவு ஊருக்குள் வரும் முன்பே எழுதப்பட்டது என்பதே பலரின் கருத்து. அப்போதும் நல்ல காலம் இல்லை. போர் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்படியானால், மரணத்துக்காக நன்றி சொல்ல எழுதிய பாட்டு அல்ல அது. அன்றைய ரொட்டிக்காகச் சொன்ன நன்றி. துன்பத்திலிருந்து விடுவிக்கும்படி கேட்கும் வேண்டுதலும் அதிலேயே இருக்கிறது. நன்றி சொன்ன வாய் உதவியும் கேட்டது.

வேதாகமமும் அழுகையைத் தடுக்கவில்லை. லாசருவின் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டார். அங்கேயே பிதாவுக்கு நன்றியும் சொன்னார். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலும் அப்பத்தை எடுத்து நன்றி சொல்லித்தான் பிட்டார். பிறகு கெத்செமனே தோட்டத்தில், அந்தப் பாத்திரம் நீங்கக் கூடாதா என்று மனம் கசந்து ஜெபித்தார். ஒரே இரவில் இரண்டும் நடந்தன.

வீட்டில் என்ன செய்யலாம்?

துக்கத்தில் இருக்கிறவரிடம் "நன்றி சொல்லு" என்று சொல்லாதீர்கள். கஞ்சி வைத்துக் கொடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். அவர் நன்றி சொல்ல ஒரு காரணமாக நீங்கள் இருங்கள்.

துக்கம் உங்கள் வீட்டில் என்றால், நடந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று உங்களையே வற்புறுத்தாதீர்கள். "இது எனக்குத் தாங்கவில்லை ஆண்டவரே" என்பதும் ஜெபம்தான். சங்கீதங்களில் பல அப்படித்தான் தொடங்குகின்றன.

முடிகிற நாளில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். அன்று போன் செய்த அக்கா, கேட்காமலே பால் பாக்கெட் வாங்கி வைத்த பக்கத்து வீட்டுக்காரர், மறைந்தவரோடு வாழ்ந்த நல்ல நாட்களில் ஒரு நாள் என எதுவாகவும் இருக்கலாம். சொல்ல முடியாத நாளில் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும். நீங்கள் ஆமென் சொன்னால் போதும்.

எல்லாம் நன்றாக இருக்கும் வீடுகள் இன்றைக்கே தொடங்கலாம். ரிங்கார்ட் வீட்டு மேசையில் அந்த ஜெபம் சாவுக்கு முன்பே பழக்கமாகியிருக்க வேண்டும். அம்மா இல்லாத மேசையிலும் பிள்ளைகளுக்குச் சொல்ல வார்த்தைகள் மிச்சம் இருந்தன.

போர் 1648-ல் முடிந்தது. அடுத்த ஆண்டு ரிங்கார்ட் இறந்தார். வசதியான முதுமை அவருக்கு வாய்க்கவில்லை. அவர் வீட்டு மேசை ஜெபம் மட்டும் இன்னும் பாடப்படுகிறது.