பிளஸ் 2-வுக்குப் பதில் ஐபி டிப்ளமோ: திருப்பூர் பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நேரத்தில் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் பல வீடுகளில் ஒரு பேச்சு அடிபடும்: "பையர்கிட்டப் பேச நாம மெர்ச்சண்டைசரை நம்பியே இருந்துட்டோமுங்க. பையனாவது நேரா பேசோணும். ஐபி ஸ்கூல்ல சேத்திரலாம்."

ஆசையில் தப்பில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்துப் பிள்ளை எங்கே படிக்கப் போகிறது என்று யோசிக்காமல் சேர்த்தால், கஷ்டம் பிள்ளைக்குத்தான்.

இது என்ன படிப்பு?

டிப்ளமோ என்றதும் பாலிடெக்னிக் என்று நினைக்க வேண்டாம். இது 11, 12-ம் வகுப்புக்கு இணையான இரண்டு வருடப் படிப்பு. 1968-ல் ஜெனிவாவில் தொடங்கிய ஐபி அமைப்பு நடத்துகிறது. இந்தியாவில் இதை முதலில் கொண்டுவந்தது நம் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்தான், 1976-ல்.

மொத்தம் ஆறு பாடங்கள். பொதுவாக மூன்றை உயர் நிலையிலும் மூன்றைச் சாதாரண நிலையிலும் படிக்க வேண்டும். பாடத்துக்கு 7 புள்ளி வீதம் 42. இத்துடன் 4,000 வார்த்தை வரையிலான ஆய்வுக் கட்டுரைக்கும் 'அறிவுக் கோட்பாடு' பாடத்துக்கும் சேர்த்து 3. ஆக 45. தேர்ச்சிக்குக் குறைந்தது 24 வேண்டும். கலை, விளையாட்டு, சேவை ஆகியவையும் கட்டாயம்.

சொந்தமாக யோசித்து எழுதப் பழக்கும் நல்ல படிப்புதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களுக்கு நன்றாகவே கை கொடுக்கும்.

எங்கே இடிக்கும்?

மருத்துவத்துக்கு நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐபி-யின் வழக்கமான முறையில், கலைப் பாடத்துக்குப் பதிலாக எடுத்தாலும் இரண்டு அறிவியல் பாடங்கள்தான் கிடைக்கும். மூன்றாவதுக்குத் தனி அனுமதி வேண்டும். நீட் கோச்சிங் வேறு தனியாக ஓட வேண்டும்.

பொறியியல் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் எடுக்க முடியும். ஆனால் முதல் நாளே சரியாகத் தேர்வு செய்ய வேண்டும். கணிதத்திலேயே இரண்டு வகை உண்டு. வெளிநாட்டில் பொறியியலுக்கு எது கேட்கிறார்கள் என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

ஐபி டிப்ளமோவை பிளஸ் 2-வுக்கு இணையாக இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் ஏற்றுள்ளது. ஆனாலும் இங்கே பொறியியல் கலந்தாய்வு பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்து நடப்பது. மே மாதம் தேர்வு எழுதும் ஐபி மாணவருக்கு ரிசல்ட் ஜூலையில்தான் வரும். அதற்குள் இங்கே அட்மிஷன் வேலைகள் ஓடத் தொடங்கியிருக்கும்.

பணக் கணக்கு

பள்ளிக் கட்டணம் வெறும் அட்வான்ஸ் மாதிரி. வெளிநாட்டுப் பட்டம்தான் இலக்கு என்றால், அடுத்த மூன்று, நான்கு வருடச் செலவு டாலரிலோ பவுண்டிலோ வரும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் என்ன ஆனது என்பது திருப்பூருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி ஒரு வருடம் நடுவில் வந்தாலும் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். பாதியில் பிளஸ் 2-வுக்குத் திரும்புவது லேசில்லை, பாடத்திட்டமே வேறு.

சேர்க்கும் முன் கேளுங்கள்

பள்ளிக்கு ஐபி அங்கீகாரம் கிடைத்துவிட்டதா, இன்னும் விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறதா? எந்தெந்தப் பாடங்களை உயர் நிலையில் நடத்துகிறார்கள்? கடைசி இரண்டு பேட்ச் மாணவர்கள் எங்கே சேர்ந்தார்கள்?

பள்ளியைக் கேட்பதற்கு முன்னால் பிள்ளையைக் கேட்க வேண்டும். பையர் ஆர்டர் கொடுக்காமல் திருப்பூரில் யாரும் துணியை வெட்டுவதில்லை. டாக்டர் ஆகணும், அண்ணா யுனிவர்சிட்டியில் படிக்கணும் என்று பிள்ளை சொன்னால் பிளஸ் 2-தான் நேர் வழி. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.