டூருக்குத் தடை, பைக்குக்கு ஓகே: மாணவர்களின் எந்த ரிஸ்க்கை ஏற்கிறோம், எதைத் தடுக்கிறோம்?

எங்கேயோ ஒரு விபத்து நடக்கும். மறுநாளே நம் காலேஜ் நோட்டீஸ் போர்டில் ‘டூர் ரத்து’ என்று ஒட்டிவிடுவார்கள். அதே காலேஜ் வாசலில் ஹெல்மெட் இல்லாமல் ஒரே பைக்கில் மூன்று பேர் வந்து இறங்கினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஏன் இப்படி?

எண்கள் என்ன சொல்கின்றன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 9,528 பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். அதாவது, நாளொன்றுக்கு சுமார் 26 பேர். அதே ஆண்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்ததாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது.

ஆனால், மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து ‘டூர்தான் சேஃப்’ என்று முடிவுகட்ட முடியாது. டூர் வருடத்தில் சில நாள். சாலையும் படிப்பும் தினசரி விஷயம். கேள்வி அதுவல்ல. தினசரி ஆபத்து ஏன் நம் கண்ணில் படுவதே இல்லை?

பயம் எப்படி வேலை செய்கிறது?

உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1980-களில் விளக்கியது இது: எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்து நாம் பயப்படுவதில்லை. ஒரே நேரத்தில் பலர் இறந்தால், ஆபத்து பழக்கமில்லாததாக இருந்தால், கட்டுப்பாடு நம் கையில் இல்லையென்றால் பயம் கூடும். டூர் விபத்தில் இந்த மூன்றுமே இருக்கின்றன. பைக்கில் ஹேண்டில்பார் நம் கையில் இருக்கிறதே!

இன்னொரு காரணம், கையெழுத்து. டூருக்கு அனுமதி தந்த பிரின்சிபால் யார், கூடப்போன ஆசிரியர் யார் என்பது தெரியும். ஏதாவது ஆனால் அவர்தான் பதில் சொல்லணும். ரத்து செய்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. 2019-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ‘டியூஷனுக்குத்தானே போறான்’ என்று சாவியைக் கொடுப்பது நின்றபாடில்லை.

‘படிப்புக்காக’ என்றால்?

நோக்கம் நல்லதாகத் தெரிந்தால் ஆபத்தும் சின்னதாகத் தெரியும். ராஜஸ்தானின் கோட்டாவில் தொடர் மாணவர் மரணங்களுக்குப் பிறகு, 2023 ஆகஸ்ட்டில் கோச்சிங் சென்டர் தேர்வுகளை 2 மாதம் நிறுத்தச் சொன்னது மாவட்ட நிர்வாகம். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் தந்தது. ஆறு ஆபத்து என்றால் குளிக்கவே விட மாட்டோம். படிப்பு அழுத்தம் என்றால், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி இறக்கிவிடுகிறோம்.

அப்போ எதைக் கேட்க வேண்டும்?

2014 ஜூன் 8. ஹிமாச்சலின் பியாஸ் ஆற்றில் ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டனர். லார்ஜி அணையிலிருந்து திடீரெனத் தண்ணீர் திறக்கப்பட்டதே காரணம். இழப்பீட்டில் 60 சதவிகிதத்தை மின்வாரியமும், 30 சதவிகிதத்தைக் கல்லூரியும், 10 சதவிகிதத்தை மாநில அரசும் தர வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். ‘ஏன் டூர் போனார்கள்?’ என்பதோடு நிற்காமல், ‘யார் எச்சரித்திருக்க வேண்டும்?’ என்றும் அந்தத் தீர்ப்பு கேட்டது.

2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்கள். பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. ஏரிக்குப் போனது தப்பா, ஜாக்கெட் இல்லாமல் ஏற்றியது தப்பா?

தடை போடுவது ஈஸி. அது நிர்வாகத்தைக் காப்பாற்றும். மாணவரைக் காப்பாற்றுமா என்பது வேறு கணக்கு. தம்பியோ தங்கையோ டூர் படிவம் நீட்டினால், ‘வேண்டாம்’ என்பதற்கு முன் டிரைவர், லைஃப் ஜாக்கெட், பொறுப்பாளர் பற்றிக் கேளுங்கள். பைக் சாவி கேட்டாலும், கோச்சிங் ஃபீஸ் கேட்டாலும் அதே அளவு கேள்வி கேளுங்கள்.

(மன அழுத்தத்தில் இருந்தால், டெலி-மனாஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.)