கடலுக்குப் போக டாக்டர் சர்டிபிகேட்!

நடுக்கடலில் மீனவருக்கு நெஞ்சு வலி வந்தால்? அங்கே டாக்டர் ஏது? ஆஸ்பத்திரி ஏது?

அதனால்தான், உடல் தகுதி சர்டிபிகேட் இல்லாதவர் மீன்பிடி படகில் வேலை செய்யக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2007-ம் ஆண்டில் ஒப்பந்தம் உருவாக்கியது.

2018-ல் பிரிட்டன் இதைச் சட்டமாக்கியது. பழைய மீனவர்களுக்கு 5 ஆண்டு தவணை கொடுத்தது. தவணை நெருங்கியதும் சிறு படகு மீனவர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். நோய் இருப்பதாகத் தெரிந்தால் பிழைப்பு போய்விடுமோ என்று பயம்!

அரசாங்கம் இறங்கி வந்தது. 10 மீட்டர் நீளம் வரை உள்ள படகுகளில் ஏற்கனவே தொழில் செய்பவர்களுக்கு 2023-ல் விலக்கு அளித்தது.

பிழைப்பு தப்பியது. ஆனால், நெஞ்சு வலிக்கு விலக்கு ஏது? சிறு படகில் தனியாகப் போகிறவரைத் தூக்கிவிடக்கூட ஆள் இல்லை.

சோதனைக்குப் போனால் வேலை போகாது, வைத்தியம் கிடைக்கும் என்ற நம்பிக்கை வரவேண்டும். வந்தால், மீனவரே டாக்டரைத் தேடிப் போவார்.